பகலில் வீட்டிலிருந்தவன்

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்ததும் உள்ளே நீண்ட முதல் கையை வினார்சி கடித்தாள்.

மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, சதை திரண்ட இடம். பற்கள் நன்றாக இறங்கிவிட்டன. கைக்குச் சொந்தக்காரன் புதோயோ. மூன்று வீடு தள்ளியிருப்பவன், தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். அவன் கத்தவில்லை. கையை உதறவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கிரீஸ் நாற்றத்தோடு சோப்பு வாசனையும் சேர்ந்து அடித்தது. நேற்றிலிருந்து இந்தக் கையை எத்தனை தடவை கழுவியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

பர்தி ஓடிவந்து மனைவியின் தாடையைப் பிடித்தான். "விடு வினார்சி. ஊரே பாக்குது."

"நேத்தும் ஊரேதான் பாத்துச்சு."

அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டியிருந்தது. கை விடுபட்டது. புதோயோ அதை மறுகையால் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போனான்.

சந்தின் இரண்டு பக்கமும் ஆண்கள் கறுப்புத் தொப்பியோடு நின்றார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க, குழி வெட்ட, சந்தூக் பெட்டி தூக்க, வந்தவர்களுக்குச் சோறு வடிக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சந்தில் சாவு விழுந்தால் சந்தே வந்து செய்யும். மாலாங் நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்தச் சந்தில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. நேற்றும் அப்படித்தான் வந்திருந்தார்கள்.

கடைசியில் அவள் தம்பி செனோவின் உடலை இறக்கியவர்கள் நாலு பேர். பர்தி, ஆம்புலன்ஸ் டிரைவர், பள்ளிவாசல் மோதினார், நகரத்திலிருந்து வந்திருந்த செனோவின் நண்பன் ரெஸா. ரெஸாவும் படம் வரைகிறவன்தான். கால்பக்கம் பிடித்துக்கொண்டு, முகம் இருந்த பக்கம் பார்க்காமலே நடந்தான். முகத்தில் பார்ப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

செனோ வினார்சியைவிட எட்டு வயது இளையவன். முப்பத்து மூன்று முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டில் பின்பக்கம் அவளும் பர்தியும் இருந்தார்கள். முன்னறை அவனுடையது. அங்கே உட்கார்ந்து குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைந்தான். அந்தப் புத்தகங்கள் இந்த ஊரில் விற்பவை அல்ல. எழுதுகிறவர்கள், அச்சடிக்கிறவர்கள் எல்லோரும் கடல் தாண்டி இருந்தார்கள். அவர்களின் முகத்தை அவன் பார்த்ததில்லை, கடிதம் மட்டும் வரும். ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தான்.

"வானம் இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கணுமாம்க்கா. நாலாவது தடவையா மாத்தறேன்."

"இடி இடிக்கிற வானமா போட்டுக் குடு. வயித்தெரிச்சல் தீரட்டும்" என்றாள் அவள்.

இதையெல்லாம் சந்துக்கு எப்படிச் சொல்வது? காலை ஆறரை மணிக்குள் ஆண்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பெண்களில் பாதிப் பேர் வினார்சியோடு வேனில் ஏறி கிராம்பு சிகரெட் ஆலைக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பும்போது அவள் விரல்களில் கிராம்பு மணக்கும். அது வேலை. அதை மூக்கால்கூடத் தெரிந்துகொள்ளலாம். செனோவோ கைலியும் பனியனுமாக நாள் முழுக்க உள்ளே இருந்தான். வெயில் பட்டால் நிறம் தப்பாகத் தெரியும் என்று ஜன்னல் துணியை இழுத்து மூடியே வைத்திருந்தான். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடுகிற ஒரு கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு, மேஜையில் சாய்ந்திருக்கும் திரையின்மேல் பேனாவை ஓட்டினான். போன வருஷக் கடைசியில் வீட்டுக்குப் புது ஓடு போட்டான். அதற்கு முந்தின வருஷம் புது மோட்டார் சைக்கிள்.

அவன் வீட்டிலிருந்ததில் சந்துக்கு உபகாரமும் இருந்தது. "செனோ, சும்மாதானே இருக்கே, மழை வந்தா துணிய எடுத்து உள்ள போடு." "சும்மாதானே இருக்கே, கேஸ்காரன் வந்தா காலி சிலிண்டரக் குடுத்துடு." அவன் எல்லாவற்றையும் செய்தான். பாதிக் கையுறையோடு ஓடிப்போய் ஆறேழு வீட்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு வருவான். யார் வீட்டுப் பாவாடை எது என்பதுகூட அவனுக்குத் தெரியும் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

எதிர்வீட்டுக் கினந்திக்கு ஏழு வயது. அப்பா கிமான் செங்கல் லாரியில் போகிறவன். அம்மா லஸ்மி ஆலையில் வினார்சிக்குப் பக்கத்துப் பலகையில் சிகரெட் சுற்றுகிறவள். பள்ளி விட்டு வந்ததும் பூட்டிய வீட்டின் முன்னால் பையை எறிந்துவிட்டு நேரே செனோவின் வாசலுக்கு வந்துவிடுவாள். "குடை பிடிச்ச மாதிரி நில்லு" என்றால் நிற்பாள். "மூச்ச அடக்கிக்கோ" என்றால் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை மூடுவாள். கூலி ஒரு பொட்டலம் இறால் அப்பளம். ஆற்றில் விழுந்த செருப்பைத் தேடி இறங்கும் ஒரு சிறுமியின் கதைக்கு அவன் வரைந்துகொண்டிருந்தான். அந்தச் சிறுமியின் முகம் கினந்தியின் முகம்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவன் வாசலில் வந்து நின்ற கினந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உடம்பு கொதித்தது. சந்தில் அந்த நேரத்தில் இருந்த ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். அவளைக் கைலியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டெங்கு என்றார்கள். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

கடைசியாகக் குழந்தையைத் தொட்டது யார் என்று முதலில் ஒருத்தி கேட்டாள். அப்புறம் கூரையில் போட்ட புது ஓட்டைப் பற்றிப் பேசினார்கள். வெளியே போகாமல் காசு எப்படி வருகிறது, ஜன்னல் ஏன் திறப்பதில்லை, கையில் ஏன் இரண்டு விரலை மட்டும் மூடிவைக்கிறான். குட்டிச்சாத்தான் வளர்க்கிறவனுக்கு அது காசு கொண்டுவந்து கொட்டும், வருஷத்துக்கு ஒரு காவு கேட்கும் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இத்தனைக்கும் மேல், போன திங்கட்கிழமை சிலிண்டர் போட வந்தவன் துணி இடுக்கு வழியாக உள்ளே பார்த்துவிட்டான். நீல வெளிச்சத்தில் செத்துப்போன பிள்ளை கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தாள், தலைமுடி மேலே அலைந்தது என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்தார்கள்.

வினார்சி வேனிலிருந்து இறங்கியபோது வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. அடிக்கப் போன வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்திருந்தார்கள். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு அறை வாசல்வரை போனாள். அதற்குமேல் போகவிடாமல் பின்னாலிருந்து இரண்டு கைகள் இடுப்பைச் சுற்றி இறுக்கின. புதோயோவின் மனைவி துமினி.

சுவரில் நாற்பது ஐம்பது தாள்கள் குத்தியிருந்தன. எல்லாம் கினந்தி. குனிகிறவள், வழுக்கி விழுகிறவள், தண்ணீருக்குள் கை விரித்தவள், கண் மூடியவள். "எத்தனை தடவை சாகடிச்சுப் பாத்திருக்கான் பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். கிமான் திரைக்கு முன்னால் நின்றான். திரையில் அவன் மகள் பச்சைத் தண்ணீருக்குள் மிதந்தாள். சுற்றிலும் மீன்கள். அவன் அதைத் தொடப் போவது போலக் கையைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டான்.

செனோ பயந்த மாதிரி தெரியவில்லை. அவனுக்கு விஷயம் புரியவே இல்லை என்று வினார்சிக்குப் பட்டது. யாரோ படத்தில் குறை சொல்ல வந்ததைப் போல நின்றான்.

"கிமான் அண்ணே, இதுல அவ சாகல. மூச்சடக்கிக்கிட்டிருக்கா. அடுத்த பக்கத்துல மேல வந்துடுவா."

கிமான் ரொம்ப நேரம் அவனைப் பார்த்தான். "காட்டு" என்றான்.

செனோ மேஜைப் பக்கம் திரும்பினான். பேனாவை எடுக்கக் குனிந்தான். பின்னந்தலையில் இரும்புக் குழாய் இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த சத்தம். குழாய் முன்வாசல் பந்தலிலிருந்து உருவியது. பிடித்திருந்த கை புதோயோவினுடையது. அதை வினார்சி தெளிவாகப் பார்த்தாள்.

ஒரு அடி விழுந்ததும் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்ததைப் போல ஆயிற்று. நாற்காலி உடைந்தது. திரையை ஒருவன் தலைக்குமேல் தூக்கி அவன் முதுகில் போட்டான். கீழே கிடந்தவனின் வலது கையை ஒருவன் குதிகாலால் மிதித்தான். கையுறைக்கு வெளியே இருந்த மூன்று விரலையும் தேடித்தேடி மிதித்தான். வினார்சி முழங்கையால் பின்னால் இடித்ததில் துமினியின் உதடு கிழிந்து ரத்தம் அவள் தோளில் வழிந்தது. அந்தப் பிடி தளரவில்லை. "போகாத, உன்னையும் கொன்னுடுவாங்க" என்று துமினி காதுக்குள் அழுதாள். கிமான் சுவரோடு ஒட்டி நின்று "அவன் காட்டட்டும், விடுங்கடா, அவன் காட்டட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாம் முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்தவர்கள் அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளத்தான் அதைவிட அதிக நேரம் ஆனது.

போலீஸ் வந்து எல்லோரிடமும் கேட்டது. எல்லோரும் அங்கே இருந்தார்களாம், யாரும் அடிக்கவில்லையாம். வினார்சியிடம் கேட்டபோது அவளுக்கு வாய் திறக்கவில்லை. பல் கிட்டிக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்கள், பேர் சொல்ல ஆள் இல்லாமல் நாங்கள் யாரையும் பிடித்துவைக்க முடியாது என்று அந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

பின்கட்டில் துணி மறைப்புக்குள் மையித்தைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வினார்சி அடுப்படிக்குப் போனாள். ஏழெட்டுப் பெண்கள் குத்துக்காலிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய குண்டானில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒருத்தி இடம் விட்டாள். உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். உரிக்கிற கைகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த கைகள். இவர்களில் யாருடைய புருஷன் விரல்களை மிதித்தவன், யாருடைய மகன் திரையைத் தூக்கிப் போட்டவன் என்று ஒவ்வொரு கையாகப் பார்த்தாள்.

துமினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதடு வீங்கியிருந்தது. கொஞ்சநேரம் பூண்டு நசுக்கினாள். பிறகு குனிந்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஸ்டேஷனுக்குப் போறியாமே. போ, நான் வேணாங்கல. ஆனா அவங்க கேப்பாங்க. இந்தப் பேச்ச மொதல்ல ஆரம்பிச்சது யாருன்னு கேப்பாங்க. அப்ப நானும் உள்ளதத்தானே சொல்லியாகணும்."

வினார்சியின் கத்தி நின்றது.

ஐந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வண்டிக்காரனைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஓடு மாற்றி ஒரு வாரம். உன் தம்பி அப்படி என்னதான் வேலை பார்க்கிறான் என்று துமினி கேட்டாள். வினார்சி அதற்கு முன்னால் இருபது தடவையாவது விளக்கியிருப்பாள். அன்றைக்கு அலுப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "குட்டிச்சாத்தான் வளக்கறான். வேணும்னா சொல்லு, குட்டி போட்டதும் உனக்கும் ஒண்ணு தரச் சொல்றேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்காரன் சிரித்ததில் தராசு ஆடியது. வீட்டுக்கு வந்து அதை அவள் செனோவிடமும் சொன்னாள். அவன் அன்று முழுக்க மொட்டைத்தலைக் குட்டிச்சாத்தான் ஒன்று கணக்கு வாத்தியார் மாதிரி கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கும் படம் வரைந்து, அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனான்.

அந்த விளையாட்டுப் பேச்சை நேற்று மாலையிலிருந்து அவள் நினைக்காமல் இருந்தாள். நினைக்காமல் இருக்கத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது.

கத்தியைத் தரையில் வைத்தாள். கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளியும் வைத்தாள். பிறகு துமினியின் கொண்டையைப் பிடித்து எழுப்பினாள். துமினி வெங்காயக் கூடைமேல் சரிந்தாள். அப்படியே அடுப்படி வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். நடையில் கன்னம் உரசித் தோல் வழன்றது. வெளியே தள்ளிவிட்டு நிற்கும்போது அவள் கையில் ஒரு கொத்து மயிர் இருந்தது. மற்றப் பெண்கள் எழுந்திருக்கவில்லை. சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு மறுபடியும் உரித்தார்கள்.

"சொல்லு" என்றாள் வினார்சி மூச்சு வாங்க. "என் பேரையும் சேத்துச் சொல்லு."

முன்னறைக் கதவு திறந்திருந்தது. நேற்றே அதைச் சாத்தியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே லஸ்மி தரையில் உட்கார்ந்திருந்தாள். உடைந்த கண்ணாடிக்கும் தாள்களுக்கும் நடுவே, பிள்ளை செத்து ஒன்பது நாள் ஆன ஒரு தாய். கண்ணீர் இல்லை. ஒரு தாளை மடியில் விரித்து, தலைத்துணியின் முனையை எச்சிலில் நனைத்து, அதன்மேல் பதிந்திருந்த காலடித் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு" என்றாள் வினார்சி.

லஸ்மி நிமிரவில்லை. "எங்க வீட்டுக்காரருதான் கூட்டத்தக் கூட்டிட்டு வந்தாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் தடுக்கல. எனக்கும் யாராவது சாகணும்னு இருந்துச்சு."

வினார்சி கதவைப் பிடித்துக்கொண்டாள். எதையாவது எடுத்து எறியலாம் என்று பார்த்தாள். கைக்குப் பக்கத்தில் எதுவும் முழுசாக இல்லை. லஸ்மியின் மடியில் இருந்த தாள் பென்சில் படம், நிறம் தீட்டாதது. தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை மேலே வந்திருந்தது. முடி நெற்றியில் ஒட்டி, வாய் அகலத் திறந்து, முன்பல் இல்லாமல் சிரிப்பு. கையில் ஒற்றைச் செருப்பு. கினந்திக்கு முன்பல் விழுந்தது சாவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான்.

துடைக்கத் துடைக்கப் பென்சிலும் சேர்ந்து அழிந்தது. "எச்சில் படுத்தாதே" என்றாள் வினார்சி. "போயிடும்."

லஸ்மி கையை எடுத்துக்கொண்டாள். அந்தத் தாளை அவள் எடுத்துக்கொண்டு போனாளா, வைத்துவிட்டுப் போனாளா என்று வினார்சி பார்க்கவில்லை. கபன் துணி பொதிந்தாகிவிட்டது என்று பர்தி கூப்பிட்டான்.

சந்தூக்கை முற்றத்தில் வைத்தார்கள். பச்சைத் துணிமேல் ஊசியில் கோத்த பூச்சரம். மோதினார் முன்னால் வந்து நின்றார். வயதானவர். நேற்று அந்த நேரத்தில் பள்ளிவாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் கிளம்பிப் போனதைப் பார்த்தார், எங்கே என்று கேட்கவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தார். போகிறவர் நம்மோடு வாழ்ந்தவர், தெரிந்தோ தெரியாமலோ யாருடைய மனசாவது நோக நடந்திருந்தால் அவரை மன்னித்துவிடுங்கள். முன்வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்தார்கள். மன்னித்தோம் என்று வழக்கப்படி சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். யாரோ ஒருவன் சொன்னான். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

வினார்சி முற்றத்துப் படியில் நின்றாள். பர்தி அவள் தோளைப் பிடித்திருந்தான்.

மோதினார் வழக்கப்படி கேட்டார். "இந்த மையித்து நல்ல மனுஷன்தானா?"

"நல்ல மனுஷன்" என்றது கூட்டம். மெதுவாக, மண்ணைப் பார்த்து.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் வினார்சி. "நேத்து உங்களுக்கெல்லாம் நல்லா சத்தம் வந்துச்சே."

பர்தியின் கை இறுகியது. மோதினார் அவளைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். இரண்டாம் முறை கேட்டார். குரல் உயர்ந்தது. மூன்றாம் முறை கேட்டார். முப்பது தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. கத்தியவர்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். சந்துமுனையில் நின்ற போலீஸ்காரன் என்னவோ என்று எட்டிப் பார்த்தான்.

தூக்க நாலு பேர் வேண்டும். பர்தி ஒரு முனை, ரெஸா ஒரு முனை. ஆலை மேஸ்திரி வந்திருந்தார், அவர் ஒன்று. நான்காவது முனையை நோக்கி இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். புதோயோவும் கிமானும்.

படியிலிருந்து இறங்கி வந்த வினார்சி புதோயோவின் முன்னால் நின்றாள். அவன் கையில் பல்தடம் நீலமாகக் கன்றியிருந்தது. அவள் அறைந்தாள். கறுப்புத் தொப்பி தெறித்துப் போய் விழுந்தது. மறுபடியும் அறைந்தாள். அவன் நின்றான். மூன்றாவது தடவை ஓங்கிய கையை யாரும் பிடிக்கவில்லை. அவளே இறக்கிக்கொண்டாள்.

"நீ வேணாம்" என்றாள்.

கிமானிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, குனிந்து தோளைக் கொடுத்தான்.

அந்த கபர்ஸ்தானில் வரிசைப்படிதான் குழி. வரிசையில் கடைசியாக இருந்தது கினந்தியின் சின்ன மேடு, இன்னும் புல் முளைக்காதது. அதற்கு அடுத்த இடம் செனோவுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம். இரவில் பெய்த மழையில் குழிக்குள் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. வினார்சி குழியோரத்து ஈர மண்ணில் நின்றாள். உடலை வாங்கிக்கொள்ள மூன்று பேர் உள்ளே இறங்க வேண்டும். பர்தி இறங்கினான், ரெஸா இறங்கினான். யாரும் சொல்லாமலே கிமானும் இறங்கினான். தலைப்பக்கம் வாங்கியது அவன்தான். மண்ணுருண்டை பிடித்து முதுகுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, கன்னம் ஈர மண்ணில் படும்படி தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்துத் திருப்பினான். துணிக்குள் தலை ஒருபக்கமாக அமுங்கியது. கிமானின் கை அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது. பிறகு கையை நீட்டினான். மேலே நின்றவர்கள் தூக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பர்தி பேசினான். நேற்று அவன் கரும்பு லாரியோடு இரண்டு ஊர் தள்ளி இருந்தான். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை அவனால் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"போய்ப் பேரச் சொல்லிட்டு மறுபடி இதே சந்துலதான் வந்து படுக்கணும் வினார்சி. நான் வாரத்துல நாலு நாள் வெளிய இருக்கேன். நீ தனியா இருப்பே."

"தெரியும்."

"கொஞ்ச நாள் போகட்டுமே."

வீட்டு வாசலில் பெண்கள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே போகாமல் அப்படியே நேராக நடந்தாள். பர்தி சந்துமுனைவரை கூட வந்தான். அதற்குமேல் வரவில்லை.

ஸ்டேஷன் ஒன்றரை மைல். வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய பேர்கள் இரண்டு. குழாயைப் பிடித்திருந்தது புதோயோ. அது சுலபமாக வந்தது. இரண்டாவது பேரை அப்படிச் சொல்ல வரவில்லை. காய்கறி வண்டி, ஞாயிற்றுக்கிழமை, சிரிப்பு என்று எங்கிருந்தோ ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பால வளைவில் நின்று, யாரும் இல்லாததால், அதைச் சத்தமாகவே ஒருதடவை சொன்னாள். "மொதல்ல சொன்னது நான். என் பேரு வினார்சி. அவன் அக்கா." சொன்னபிறகு நடக்க முடிந்தது.

ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு நீள மரப்பெஞ்சு. அதில் கிமான் உட்கார்ந்திருந்தான். குழியிலிருந்து ஏறியவன் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. முழங்கால்வரை சிவப்புச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டான். எதற்கு வந்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்ற காவலன் தானாகவே சொன்னான். "இவரு வந்து அரை மணி நேரமாச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு ஒரே பிடிவாதம். அதிகாரி சாப்பிடப் போயிருக்காரு. உக்காருங்க."

வினார்சி பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். உள்ளே ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது.

பெருக்குகிற பெண் துடைப்பத்தோடு வந்தாள். வெள்ளை ஓட்டுத் தரையில் கிமான் நடந்துவந்த வழியெல்லாம் கட்டிகட்டியாக மண் உதிர்ந்திருந்தது. "இப்பத்தான் தொடச்சேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு துடைப்பத்தைத் தரையில் வைத்தாள்.

"இருங்க, இருங்க" என்றான் கிமான். பெஞ்சிலிருந்து இறங்கிக் குத்துக்காலிட்டான். ஒவ்வொரு கட்டியாகப் பொறுக்கி இடது உள்ளங்கையில் சேர்த்தான். பொடியாகிப் போனதை விரலால் கூட்டி அள்ளினான். உள்ளங்கை நிறைந்துவிட்டது. எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டான். வினார்சியின் செருப்பிலிருந்து உதிர்ந்ததும் அதே மண்தான். குனிந்தபடியே அவன் அவள் காலடிவரை வந்தான்.

அவள் காலைத் தூக்கிக்கொண்டாள்.